தானாக நின்ற பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

"பேட்டரி தீர்ந்துபோறது அதுக்கே முன்னாடி தெரியுமா டீச்சர்?" ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். கடைசி பெஞ்சு, எப்போதும் ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்தே இருக்கும். "அதுக்கு மூளை கிடையாதும்மா, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. இருபது வருடம் ஆகியிருக்கும். இன்று எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரில் ஒரு பேட்டரியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாட்டிய பெண் சொல்கிறாள், அதற்குள் ஒரு மூளை இருக்கிறதாம். அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்க என்னிடம் முகவரி இல்லை.

இவருக்காகத்தான் இந்தப் பெட்டி. நாற்பது வருடம் வெல்டிங் புகையைக் குடித்த நுரையீரல். ஜனவரியிலிருந்து ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூக்குக்கு. கோடை வந்துவிட்டது, பாதி நாள் மதியத்தில் மின்சாரம் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் சிலிண்டர் இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும்.

மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "ஒரு மாசம் பாக்கலாம்மா. இந்தப் பேட்டரி ஒழுங்கா ஓடலைன்னா அப்பாவை ஆஸ்பத்திரியோட இருக்கற விடுதியில சேர்த்துடுவேன். அங்க ஜெனரேட்டர் இருக்கு, நர்ஸ் இருக்கு."

"என் கட்டில் அங்க இருக்கா?" என்று கேட்டார் இவர். அவ்வளவுதான் கேட்டார்.

மார்ச் 5, வியாழன்

பெட்டி ஒரு சூட்கேஸ் அளவு. இரண்டு பக்கமும் அலுமினியத்தில் சீப்புப் பல் போல வரிவரியாக நிற்கிறது. நேற்று மதியம் நாற்பது நிமிடம் மின்சாரம் போனது. பெட்டி எடுத்துக்கொண்டது. ஒரு சத்தம் கிடையாது, ஒரு அசைவு கிடையாது. மெஷின் அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன்.

"என்ன டீச்சரம்மா, அதுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போறியா? இப்படிச் சுத்திச் சுத்தி வர்ற."

இவர் கிண்டல் செய்தால் மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மார்ச் 8, ஞாயிறு

பின்பக்கம் ஒரே தூசி. பஞ்சு வைத்துத் தைத்த பழைய மெத்தை விரிப்பை வெட்டிப் பெட்டிக்கு ஓர் உறை தைத்தேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உறைகளோடு ஒரே ஜோடியாக இருக்கிறது. விளக்கு தெரிய ஒரு ஜன்னலும் வைத்தேன். பூப்போட்ட கரை.

மார்ச் 13, வெள்ளி

நின்றுவிட்டது.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. பெட்டி ஓடியது. இரண்டே முக்காலுக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஆக்சிஜன் மெஷின் கத்த ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு. செத்த மாதிரி கிடக்கிறது. சிலிண்டர் குழாயை மாற்ற என் கை வரவில்லை. எத்தனை பரிசோதனைக் குழாய் பிடித்த கை! திருகு எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு. இவர்தான் நீலம் பாரித்த உதட்டோடு விரலைச் சுழற்றிக் காட்டினார் — இடது பக்கம், இடது பக்கம். உலகத்தில் உள்ள அத்தனை திருகும் தெரிந்த மனிதர்.

இதை மகளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? முடியாது. சொன்னேன். ஃபோனில் அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 16, திங்கள்

பத்து மணிக்குப் பேட்டரிப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், முதுகில் ஒரு பை, காதில் ஒரு பென்சில். விருந்தாளி வருகிறாளே என்று ஒன்பது மணிக்கே பின்பக்கத்தைப் பெருக்கி, உறையைக் கழற்றி மடித்து வைத்து, பெட்டியைத் துடைத்துவிட்டிருந்தேன். அவள் ஒவ்வொரு இணைப்பையும் முறுக்கிப் பார்த்தாள், கம்பி மாட்டி அளந்தாள், தொட்டும் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கே டீச்சர்" என்றாள். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. காய்ச்சல் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் டாக்டர் முன்னால் அது சிரிக்குமே, அப்படி.

இவர் விடவில்லை. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா. நான் மூச்சு விடறேனா இல்லையான்னு பாக்காம, தான் பிழைச்சா போதும்னு நின்னுடுச்சா இது?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. பையிலிருந்து, பயிற்சிக்காக வெட்டித் திறந்த பழைய பேட்டரி செல் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். வெறும் கூடு, உள்ளே சக்தி இல்லை. எங்கள் பெட்டிக்குள் இது மாதிரி பதினாறு நிற்கின்றனவாம்.

அடுத்த ஒரு மணி நேரத்தை முழுதாக எழுதி வைக்க வேண்டும், மறக்கக் கூடாது.

உள்ளே செப்புத் தகடு, அலுமினியத் தகடு, இரண்டின் மேலும் கரிய பூச்சு. நடுவில் வெள்ளையாக ஒரு படலம். பிரித்து என் கையில் தந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தலைமுடியின் தடிமனில் கால் பங்குதான் இருக்குமாம். அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். மின்சாரம் சுமக்கும் அயனிகளின் போக்குவரத்து எல்லாம் அந்தத் துளைகள் வழியாகத்தான். இடைவேளைக்கு மணி அடித்ததும் வகுப்புப் பிள்ளைகள் கதவு வழியாக வெளியே போவார்கள், மணி அடித்ததும் திரும்புவார்கள், அது மாதிரி.

"செல்லுக்குள்ள சூடு எல்லை மீறிப் போச்சுன்னா இந்தப் படலமே உருகித் துளையை அடைச்சுக்கும் டீச்சர். அதுக்கப்புறம் யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது."

"அப்புறம் அந்தச் செல்?"

"அவ்வளவுதான். திரும்ப உயிர் வராது. ஆனா வீடு இருக்கும்."

படலத்தை நான் கீழே வைக்கவே இல்லை. இவ்வளவு மெலிதான ஒரு பொருளுக்குள் ஒரு தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோதும், மின்சாரம் இல்லாதபோதும், எந்த உத்தரவுக்கும் காத்திருக்காமல், சூடு ஒன்றை மட்டும் கேட்டு நடக்கும் தீர்மானம்.

பிறகு செல்லின் மூடியைக் காட்டினாள். அதில் ஓர் இடத்தை மட்டும் வேண்டுமென்றே மெலிதாகக் கீறி வைத்திருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் கூடு வெடிப்பதற்கு முன் அந்த இடம் மட்டும் திறந்து விட்டுவிடும். அதுவரை ஒதுங்கி உட்கார்ந்திருந்த இவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"எங்க உடையணும்னு நாமளே முடிவு பண்றது! பாய்லர்ல நாங்களும் இப்படித்தான் ஒரு தகடு வைப்போம். யாருமா கீறினது இது? சுத்தமான வேலை."

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே தீப்பிடிக்காத அட்டை. விற்பனைக்கு விடும் முன் சோதனைக் கூடத்தில் ஒரு பெட்டியை எடுத்து, வேண்டுமென்றே ஒரு செல்லை மட்டும் சூடாக்கிக் கெடுப்பார்களாம். பக்கத்துச் செல்லுக்குப் பரவுகிறதா என்று மணிக்கணக்கில் காத்திருப்பார்களாம். பரவினால் முழு வடிவமைப்பையும் திரும்ப முதலிலிருந்து.

முப்பத்து மூன்று வருடம் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் எப்படித் தேறுவார்கள் என்றுதான் திட்டம் போட்டேன். ஒருவன் விழுந்தால் பக்கத்தில் இருப்பவனை அது எப்படித் தாக்கும் என்று ஒரு நாள் யோசித்திருப்பேனா? இவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

"எல்லாத்துக்கும் மேல ஒரு காவல் பலகை இருக்கு சார்," என்று கடைசியாக இவரிடம் சொன்னாள். "பதினாறு செல்லையும் எந்நேரமும் பார்த்துக்கிட்டே இருக்கும். சூடு அறுபதைத் தொட்டா நிறுத்திடும். உங்களை விட்டுட்டுத் தான் பிழைக்கறதுக்கு இல்ல. நீங்க இருக்கற வீட்டை எரிக்காம இருக்கறதுக்கு. நிறுத்தறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி கத்தும், நீங்க சிலிண்டருக்கு மாறிக்கலாம்."

"கத்தலையே," என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. சோதனைப் பொத்தானை அழுத்தினாள். பெட்டி வீடே அதிரக் கத்தியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவள் போனதும் இவர்: "டப்பா டாக்டர் கெட்டிக்காரிதான். ஆனா நோயைக் கண்டுபிடிக்கலையே."

மார்ச் 20, வெள்ளி

மறுபடியும். இந்த முறை ஐம்பது நிமிடம் ஓடி நின்றது. என் கை இடது பக்கம் திருகியது, பழகிவிட்டது. இதெல்லாம் பழகணுமா?

மகள் வந்தாள். அப்பாவின் சட்டைகளை ஒரு பையில் அடுக்கிக் கதவருகே வைத்தாள். "முப்பத்தொண்ணாம் தேதி வந்து கூட்டிட்டுப் போறேன்." இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 23, திங்கள்

டப்பா டாக்டர் மறுபடி வந்தாள். காவல் பலகையையே மாற்றினாள். பழைய பலகையில் பதிவாகியிருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். துடைத்து வைத்த பெட்டியைப் பார்த்து, "உங்க வீட்டுப் பெட்டி மாதிரி சுத்தமான பெட்டி நான் பார்த்ததில்ல டீச்சர்" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

எப்படி எழுதுவேன்.

காலையில் சொல்லாமல் வந்தாள். கையில் நீளமாக ஒரு தாள். அதில் மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு.

"இந்தப் பெட்டி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் சூட்டை எழுதி வைக்கும் டீச்சர். எட்டாம் தேதி வரைக்கும் நாற்பதைத் தாண்டவே இல்ல. எட்டாம் தேதி சாயங்காலத்துலேர்ந்து ஏற ஆரம்பிக்குது. அதுக்கப்புறம் ரெண்டு நாள் மட்டும் காலையில சட்டுனு இறங்குது. பதினாறாம் தேதி, ஒன்பது மணி. இருபத்து மூணாம் தேதி, அதே ஒன்பது மணி." பென்சிலை எடுத்து இரண்டு இடத்திலும் வட்டம் போட்டாள். "ரெண்டு நாளும் நான் வந்தது பத்து மணிக்கு. நான் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இதை என்ன பண்றீங்க?"

நான் எழுதுவது போலவே அதுவும் நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாததை எல்லாம், மணி நிமிடத்தோடு.

அவளைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். மெத்தை விரிப்பு, பூப்போட்ட கரை, அழகான ஜன்னல். உறை பெட்டியின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அவள் சிரிக்கவில்லை. உறை போட்டபடியே சோதனைப் பொத்தானை அழுத்தினாள். போர்வைக்குள் ஒரு பூனை கத்துவது போலக் கேட்டது. படுக்கையறைக்கு நிச்சயம் கேட்டிருக்காது.

வெப்பத்தைக் கடத்தாப் பொருள்கள்: கம்பளி, பஞ்சு, மரத்தூள். எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அலுமினியப் பற்கள் எதற்காக நிற்கின்றன என்று ஒரு கணம் கேட்டிருக்கக் கூடாதா? ஐயோ, என் கையாலேயே இவர் மூச்சை —

இவரிடம் நானே சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். மெஷினைக் கூட்டி வைக்கிற அளவுக்குச் சிரிப்பு. "பேட்டரிக்கு... ஸ்வெட்டர் போட்டிருக்கா!" டப்பா டாக்டரும் அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். நான் அழுதேன்.

அவள் போகும்போது மெதுவாகச் சொன்னாள்: "தப்பு எங்க மேலயும் இருக்கு டீச்சர். மூடாதீங்கன்னு கையேட்டுல நாற்பத்தி ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கோம். பெட்டி மேலேயே போட்டிருக்கணும். ஆபீஸ்ல இன்னைக்கே சொல்றேன்."

கெட்டுப்போவதற்கு எல்லாம் இடம் வைத்து யோசித்தவர்கள், அன்பாகப் போர்த்திவிடுபவளை யோசிக்கவில்லை. ஆனால் யோசிக்காத அந்த இடத்திலும் பெட்டி இரண்டு முறை சரியாகத்தான் நடந்துகொண்டது. இதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

மார்ச் 28, சனி

மகளுக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"அம்மா, நீ சயின்ஸ் டீச்சர்தானே?"

"ஆமாம்."

"உன்கிட்டதான் நானும் படிச்சேன்."

"ஆமாம்டி."

சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஒருதரம் சரியாச்சுன்னா எப்பவும் சரியா இருக்கும்னு நான் எப்படி நம்பறது?" என்றாள். நியாயமான கேள்விதான். பை கதவருகேதான் இருக்கிறது. பதில் இவரிடமிருந்து வந்தது: "அவங்க சோதனைக் கூடத்துல பண்ற மாதிரி நாமளும் பண்ணுவோம். வேணும்னே கெடுத்துப் பாக்கலாம். நம்ம பொண்ணை நாளைக்கு வரச் சொல்லு."

மார்ச் 29, ஞாயிறு

நல்ல வெயில் ஏறட்டும் என்று பன்னிரண்டு மணி வரை காத்திருந்தோம். இவரே மெயின் சுவிட்சை அணைத்தார். மகள் சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பரீட்சைக்குக் காவல் நிற்பவள் மாதிரி உட்கார்ந்தாள். அரை மணிக்கு ஒரு தடவை நான் பெட்டியின் திரையைப் படித்து வந்து சொன்னேன். முப்பத்தைந்து. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு.

மூன்று மணிக்கு மகள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். இந்த இரண்டு வாரத்தில் அவள் சரியாகத் தூங்கியே இருக்க மாட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. நாங்கள் இருவரும் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் — மெஷினுடையது, இவருடையது, அவளுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு அறைகளில், முடியைவிட மெலிதான கதவுகள் வழியாக, நல்ல ஒழுங்கோடு யாரோ போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஆறு மணிக்கு நான்தான் சுவிட்சைப் போட்டேன். நாற்பதைத் தொடவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மகள் ஃபோன் செய்தாள். வேறு விஷயம் எல்லாம் பேசினாள். தேதியைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

காலை பதினொன்றுக்குப் போன மின்சாரம் நாலரைக்குத்தான் வந்தது. இவர் சாப்பிட்டார், ரேடியோ கேட்டார், ஜன்னலுக்கு வெளியே கேட் வெல்டு வைத்துக்கொண்டிருந்தவனுடைய வேலையைக் குறை சொன்னார், தூங்கினார். எழுந்ததும் கேட்டார்: "இன்னைக்குக் கரண்டே போகலையா?"

"போகலை," என்றேன்.

சட்டைகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

இந்தக் குறிப்பேடு யார் கையிலாவது கிடைத்தால், பாதிப் பாடத்தோடு அவர்களை அனுப்ப எனக்கு மனம் வராது. அதனால் ஒன்று: உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், எழுந்து போய் அதன் நாலு பக்கமும் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள், காற்றைத் தவிர வேறு எது கையில் பட்டாலும் எடுத்துவிடுங்கள்.