ஒருவருக்கு மட்டும் அனுமதி

செப்டம்பர் 4, 2025, வியாழன்

பிரசவ அறைக்குள் விஷ்ணுப்ரியாவுக்குத் துணையாக நான் போகப்போவதில்லை. சொன்னவள் அவளேதான், இன்று காலை, இரண்டாவது தோசைக்குச் சட்னி கேட்டபோது. ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத்தான் அனுமதி. அதுவும் பெண்ணாக இருக்க வேண்டும். தன் மாமியார் செல்லம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டாளாம்.

"நீ வந்தா டாக்டரைப் பேட்டி எடுப்பம்மா. எத்தனை மணி, என்ன ஊசி, யார் போட்டதுன்னு எழுதிக்கிட்டு நிப்ப. அத்தைன்னா கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிப்பாங்க."

முப்பத்திரண்டு வருஷம் காரைக்காலில் நிருபராக இருந்ததற்குக் கிடைத்த பாராட்டு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்று ஏழாம் மாதமே அழைத்து வந்தேன். அழைத்து வந்தவளுக்குக் கதவு வரைதான் உரிமையா?

என் வீட்டுக்காரர் சிரித்தார். மதியம் வரை அவரோடு பேசவில்லை.

செப்டம்பர் 5

இன்னும் கோபம்தான்.

செப்டம்பர் 8, திங்கள்

கர்ப்பிணிகளுக்கான வகுப்பு. விழிதியூரிலிருந்து செல்லம்மா வந்திருந்தார். நானும் போனேன், பின்வரிசையில்.

நர்ஸ் எழில்மதி செய்து காட்டினார். மூக்கால் இழுத்த மூச்சை வாயால் நீளமாக விடுவது. பல்லைக் கடிக்காமல் தாடையைத் தளர்த்துவது. மேசையில் கை ஊன்றி இடுப்பை ஆட்டுவது. வலி வரும்போது துணையாள் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையால் அழுத்துவது.

"வலி தொடங்கின உடனே ஓடி வந்துடாதீங்க. பனிக்குடம் உடையல, ரத்தம் போகல, குழந்தை நல்லா அசையுதுன்னா கொஞ்ச நேரம் வீட்லயே நடங்க. எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வலி வருதுன்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க."

செல்லம்மா அழுத்திப் பார்த்தபோது, "அத்தை, இது சப்பாத்தி மாவு இல்ல" என்றாள் இவள். எல்லாரும் சிரித்தார்கள். நான் இவள் பிறந்த தொண்ணூற்றேழு மார்கழிக்குப் போய்விட்டிருந்தேன். உயரமான ஜன்னல்கள் வைத்த வார்டு. வெளியே விடாத மழை. துணைக்கு யாரையும் விடாத காலம். ஆயா மாரிக்கண்ணு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் இடுப்பில் உள்ளங்கையை வைத்தார். "கத்து தாயி, மூச்சை மட்டும் அடக்காத." வெற்றிலை வாசனை. அந்தக் கை பட்ட இடம் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

அதை இவளுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தேன். வேறென்ன கேட்டேன் நான்?

செப்டம்பர் 13, சனி

பழைய துணிகளைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தேன். விஷ்ணுப்ரியா சின்ன வயதில் தூங்கவே மாட்டாள். அப்போதெல்லாம் செய்தியை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வாசிக்க வேண்டும். ஒரு கையில் ரிசீவர், இடுப்பில் இவள். இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே, "காரைக்கால்மேட்டில் இன்று வஞ்சிரம் வரத்து குறைவு" என்பேன். முடிப்பதற்குள் தூங்கியிருப்பாள். அப்படியொரு வாசகி எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

செப்டம்பர் 17

செல்லம்மா தினம் இரண்டு முறை போன் செய்கிறார். "வலி வந்துச்சா சம்பந்திம்மா?" வந்தால் சொல்ல மாட்டேனா?

செப்டம்பர் 19, வெள்ளி

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வலி காலையில் தொடங்கியது. செல்லம்மாவுக்குச் சொன்னேன். "நான் நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன். அதுவரைக்கும் நீங்க இருக்கீங்கள்ல, எனக்கென்ன கவலை" என்றார்.

கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தோம். என் வீட்டுக்காரர் அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை எதற்கென்று யாரும் கேட்கவில்லை. முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்தோம். வலி வந்தபோது மேசையில் கை ஊன்றினாள். நான் உள்ளங்கையை வைத்தேன்.

"கீழ... இன்னும் கீழம்மா... அங்கதான். எடுக்காத."

பிறகு மேசையை விட்டுவிட்டாள். என் கழுத்தில் இரண்டு கையையும் போட்டுத் தொங்கினாள். என்னைவிட உயரம் அவள், கனமும். அப்படியே ஆடினோம்.

"எதாச்சும் சொல்லும்மா. சும்மா இருக்காத."

சொன்னேன். அரசலாற்றில் வெள்ளம் வந்த வருஷம், மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் ஒற்றைச் செருப்போடு நின்று செய்தி சேகரித்தது, ஏலத்தில் என்னை மீன் வாங்க வந்தவள் என்று நினைத்து விலை சொன்னது... அவள் தாடை தளர்ந்தது. மூச்சு நீண்டது.

ஆஸ்பத்திரியில் எழில்மதி கேட்டார்: "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வலி?"

நான் பார்க்கவேயில்லை! கையில் கடிகாரம், பையில் பேனா.

"தெரியலைங்க."

"எப்ப ஆரம்பிச்சது?"

"காலைல. டிபனுக்கு முன்னாடி."

"நிருபரம்மா, நீங்களா இப்படி?"

அவ்வளவு வலியிலும் விஷ்ணுப்ரியா சிரித்துவிட்டாள். அதற்குள் செல்லம்மாவும் வந்து சேர்ந்திருந்தார். இவள் கதவருகே திரும்பி என்னைப் பார்த்தாள். மாற்றிச் சொல்வாளோ?

"அத்தை வரட்டும்மா. பாவம், பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்காங்க. நீ உக்காரு. தோள் வலிக்கும்."

வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கட்டும்.

செப்டம்பர் 20, சனி

பெண் குழந்தை, நேற்று மாலை. தாயும் சேயும் நலம். முதலில் சொன்னவர் செல்லம்மா, அழுதுகொண்டே கதவைத் திறந்து. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு என் தோளிலேயே சாய்ந்துகொண்டார்.

"உள்ள அவ நிக்கவே இல்ல, ஆடிக்கிட்டே இருந்தா சம்பந்திம்மா. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டேன். அப்புறம் சொல்றேன்னா."

அறைக்குள் நடந்தது எனக்கு முழுதாகத் தெரியாது. வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. பெயர் முடிவாகவில்லை, மாப்பிள்ளை ராஜ்மோகன் மஸ்கட்டிலிருந்து புதன்கிழமை வருகிறார். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று செல்லம்மாவை எங்கள் வீட்டிலேயே தங்கச் சொல்லியிருக்கிறேன். பாதிச் செய்தி அவரிடம் இருக்கிறது.