கட்டிலுக்கு அடியில் அடுப்பு

வெள்ளி, 15 பிப்ரவரி 2013

காலையில் பனி. திங்கள் வகுப்புக்குக் குறிப்பு. ('ஆண்களும் ஆண்மையும்', ஓய்வுக்குப் பின் வாரம் ஒரு வகுப்பு.) பென்னலூரில் கம்பெனிப் பையன்கள் தங்கும் அறையில் கண்டவரை:

1. விடுமுறையிலும் கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றுவதில்லை.
2. ஊர் நினைப்பு வந்தால் தலைவலி என்கிறார்கள்.
3. சமைப்பதை ஆண்மைக்குக் குறைவு என்று மறைக்கிறார்கள்.

(3)-க்குச் சான்று: படியில் காலடி கேட்டால் அடுப்பு கட்டிலுக்கு அடியில். போன வாரம் நானே பார்த்தேன். ஏன் என்று கேட்கக் கூச்சம். உறுதிதானா? பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.

செல்வம் போன். (அந்த அறைப் பையன்; ஊர் சங்கரன்கோவில் பக்கம், வேலை கார் உதிரிபாகக் கம்பெனியில்.) "சார், ஞாயித்துக்கிழமை பொண்ணோட அப்பா ரூமைப் பாக்க வாராவ. பெரிய மனுசர் ஒருத்தர் கூட இருந்தா நல்லாருக்கும்."

ஆய்வு செய்பவன் இப்படிப் போகலாமா? போகிறேன்.

ஞாயிறு, 17

அறை முழுக்க ஊதுவத்தி. செல்வம் இஸ்திரிச் சட்டை, மேலே அட்டை. (1) சரி. அறைத்தோழன் மாரி: "இன்னைக்கு ஒன்னயத்தான் பொண்ணு பாக்க வாராவ. தலயக் குனிஞ்சு நில்லுலே." அடுப்பு கட்டிலுக்கு அடியில். மனசுக்குள் (3)-ஐ மையால் எழுதிவிட்டேன்.

பெண்ணின் அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "சாப்பாடெல்லாம் எப்படி சார்?"

செல்வத்தின் மானத்தைக் காப்பதாக நினைத்து முந்திக்கொண்டேன். "எல்லாம் மெஸ்தான். இவர் அடுப்புப் பக்கமே போகமாட்டார்."

அவர் முகம் வாடியது. துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "எம்பொண்ணும் ஒரகடத்துல ஷிப்டுக்குப் போறவ. நைட்டு முடிச்சு வந்து அவதான் பொங்கணுமோ? யோசிச்சுச் சொல்லுதோம்."

செல்வம் என்னைப் பார்த்த பார்வை! அடுத்த நொடி இஸ்திரிச் சட்டையோடு தவழ்ந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து அடுப்பையும் புளிக்குழம்புச் சட்டியையும் இழுத்தான். "மாமா, உக்காருங்க. காலைல நான் வச்சது. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் பேசுங்க."

சூடாக்கிப் போட்டான். சாப்பிட்டார். மறுபடி குழம்பு கேட்டார். மாரி: "இவனக் கட்டிக் குடுத்துட்டா நான் பட்டினிதான்." அவர் சிரித்துவிட்டார். "சித்திரையில வச்சுக்கிடுவோமா?"

அப்போது படியில் காலடி. வீட்டு ஓனர் அம்மாள்: "இன்னா வாசன இது? ரூம்ல அடுப்பு கூடாதுன்னு எத்தினி தபா சொல்லிகினு கீறேன்!"

அடுப்பு உள்ளே போயிற்று. செல்வமும் மாரியும் கட்டிலை மறைத்து நின்றார்கள். எச்சில் கையோடு பெண்ணின் அப்பாவும். நானும் போய் நின்றேன்.

(3) தவறு.