பாக்தாத்தில் 212 புள்ளிகள்

பிப்ரவரி 3, திங்கள்

பாக்தாத் மட்டும் சிவப்பாக வீங்கிக் கிடக்கிறது. ஆப்பெழுத்து பொறித்த பழங்காலக் களிமண் பலகைகள் எங்கெங்கே கிடைத்தன என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது என் வேலை. குன்னூரில் வீட்டிலிருந்தபடியே பதினொரு மாதமாகச் செய்கிறேன். ஒரே ஊரில் 212 புள்ளி. பெரிய ஊர், இருக்கும் என்று விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வரைபடம் இணையத்தில் எல்லோருக்கும் திறக்கிறது. என் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பது கோவையிலிருந்து எங்கள் குழுவை நடத்தும் ஜூடித் மேடம் கையில்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மஞ்சூர் டீ ஃபேக்டரி வேலைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் லோகு, திரையை எட்டிப் பார்த்தார். "இங்க மட்டும் ஏன் இப்படிக் குமிஞ்சு கெடக்குது?"

அருங்காட்சியகப் பதிவேட்டைக் காட்டினேன். 'பாக்தாத், வியாபாரியிடம் வாங்கியது' என்றிருந்தது. சிரித்துவிட்டார். "எங்க தூளு குன்னூர் ஏலத்துல விக்குது. அதுக்காவ குன்னூர்ல வெளஞ்சதும்பியா?"

வாங்கிய இடத்தைக் கிடைத்த இடமாகப் போட்டிருக்கிறேன். 212 தடவை! ஏலம் நடக்கும் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடவா தோன்றவில்லை?

பிப்ரவரி 5

சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

சோறு இறங்கவில்லை. "ஏனுங்க, பேசாம வுட்டுட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்று கேட்டேன்.

"வுட்டுரு. அப்பறம் சோறு எறங்கலைன்னு எங்கிட்ட வராத."

இதை நம்பி யாராவது புத்தகமே எழுதிவிடுவார்கள். அதை நினைத்தால்தான் பயம். மூன்று முறை அடித்து அழித்து, நாலே வரியில் மேடத்துக்கு மெயில் போட்டேன். 212ம் என் தப்பு, எங்கே கிடைத்தவை என்று தெரியாது, எடுத்துவிடுங்கள் என்று. பதில் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

வரைபடம் திறக்கவில்லை. தள்ளி வைத்திருக்கிறார்களாம். காரணம் போடவில்லை. என்னாலதான், வேறென்ன? வேலை போச்சு — இனி யாரு குடுப்பா எனக்கு? வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் ஜூடித் மேடமே ஃபோன் செய்தார். எழுந்து நின்றுகொண்டுதான் பேசினேன். என் மெயிலைப் பார்த்ததும் தாம் முன்பு தயாரித்த பட்டியலைத் திறந்து பார்த்தாராம். மோசுல் கடைகளில் வாங்கியவை 340. அதே தப்பு. மேலே உள்ளவர்களிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

ஒப்பந்தம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

"விஜயா, மொத வரி என்னன்னு எழுதுனீங்க?" என்றார்.

மெயிலைத் திறந்து படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை மெதுவாகப் படிக்கச் சொன்னார், எழுதிக்கொண்டார்.