லேபிளுக்கு ஏற்ற கூரை

18 ஜன. 1971, திங்கள்

பொங்கல் லீவு முடிந்தது. காலையில் பனி. சைக்கிள் பஞ்சர்; அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரை நடை. வந்தால் பூட்டு. சாவி நாதன் சாரிடம். முதலாளி அவர், வருவது அவர் இஷ்டம்.

இன்றைக்கு: கொரட்டூர் வீட்டுக்கு மாடிப்படி. பூந்தமல்லி ஊதுபத்திக்கு அட்டைப்பெட்டி. ஒரு கல்யாண மேடை. நான் படித்தது கட்டடக்கலை. "டிசைன்னா எல்லாம் டிசைன்தாம்பா" என்கிறார் சார். நாளைக்கே இட்லித் தட்டு வரையச் சொன்னாலும் ஆச்சரியமில்லை.

கொரட்டூர்க்காரரிடம் மொட்டைமாடி மழைத்தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பலாம் என்றேன். "ஏரிக்கரையில இருக்கறவனை தண்ணி சேக்கச் சொல்றீங்களே தம்பி!" சிரிப்பு வேறு. ப்ளானில் அந்தக் குழாயை அடித்துவிட்டேன்.

உருப்படியான வேலை ஒன்றே ஒன்று. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலாயுதம் என்பவர் கட்டப்போகும் ரேடியோ காயில் பாக்டரி. ரம்பப்பல் மாதிரி கூரை. ஒவ்வொரு பல்லுக்கும் நிமிர்ந்த பக்கத்தில் கண்ணாடி, வடக்கு பார்த்து. வெளிச்சம் வரும், வெயில் வராது. பகலில் விளக்கே வேண்டாம்.

19, செவ்வாய்

காயில், அதாவது ரேடியோவுக்குள் வைக்கும் செம்புக் கம்பிச் சுருள், சுற்றும் இடத்தைப் பார்க்கப் போனேன். இப்போதைக்கு ஒரு வாடகை வீடு. பெண்கள் ஜன்னலை ஒட்டி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பி தலைமுடி கனம். வெயில் பட்டால் செம்பு மின்னுகிறது. எந்தச் சுற்றில் விட்டோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

சரோஜா என்று ஒருவர், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறார். கண்ணெல்லாம் சிவப்பு. "புது எடத்துலயாவது வெயில் மூஞ்சில அடிக்காம இருக்குமா சார்? ஊட்டுக்குப் போனா அரிசில கல்லு கூட தெரியல."

அடிக்காது, என் பொறுப்பு என்றேன்.

பக்கத்திலிருந்த பெண்: "எல்லா சாரும் இதான் சொல்வாங்க. நீ சுத்துக்கா."

21, வியாழன்

தலைவலி. வேலாயுதத்தின் காயில் டப்பாவுக்கு லேபிள் அச்சாகி வந்துவிட்டது. 'ஆலை மார்க் காயில்', நடுவில் பாக்டரி படம். வரைந்தது எங்கள் மணி. லேபிள், போர்டு எல்லாம் அவன்தான். நல்ல கை. அதில் சந்தேகமில்லை.

ஆனால் கூரைப் பல் அத்தனையும் திரும்பி நிற்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் நிமிர்ந்த பக்கம் வலது கைப்பக்கம், அதாவது வடக்கே இருக்க வேண்டும். லேபிளில் இடது.

என் ட்ரேசிங் பேப்பரைப் பின்பக்கமாக வைத்துப் பார்த்து வரைந்திருக்கிறான்.

"ட்ரேசிங் பேப்பருக்கு முன்னு இன்னா, பின்னு இன்னா சார்? ரெண்டு பக்கமும் அதே கோடுதான கீது."

"எழுத்து திரும்பியிருக்குமேடா!"

"படம் போடச் சொன்னீங்கோ, போட்டேன். எழுத்தை எவன் படிச்சான்?"

22, வெள்ளி

லேபிள் பாதி ஏற்கெனவே டப்பாவில் ஒட்டிக் கடைக்குப் போய்விட்டது. எனவே வேலாயுதத்தின் முடிவு: கட்டடத்தைத் திருப்பு.

கட்டடத்தை!

"கடைக்காரன் வந்து பார்த்தா லேபிள்ல கீற ஆலை இதானான்னு கேப்பான்பா. போலின்னுடுவான். கூரையைத்தான அந்தாண்ட திருப்பச் சொல்றேன், பூமியையா திருப்பச் சொன்னேன்?"

திருப்பினால் கண்ணாடி தெற்கே. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் நேரே மேஜைமேல். சொன்னேன். வரைந்து காட்டினேன். "கண்ணாடிக்கு பெயின்ட் அடிச்சிடு" என்றார். பெயின்ட் அடிப்பதற்கு எதற்குக் கண்ணாடி?

நாதன் சார் என்னைத் தனியே அழைத்து, "பார்ட்டி கேக்கறதைக் கொடுத்துடுப்பா" என்றார். மாட்டேன் என்றேன். அப்படியானால் திங்களன்று அவரே வரைவாராம்.

சரோஜாவிடம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

25, திங்கள்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. வேலாயுதம் டப்பாவோடு வந்தார். மேஜைமேல் வைத்து லேபிளை என் பக்கம் திருப்பினார். சார் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

கடைசி முயற்சியாக, தெற்குக் கண்ணாடிக்குக் கீழே உங்கள் ரூம்தான் வருகிறது என்றேன்.

"அப்போ என் ரூமை மட்டும் மாத்திடு."

எனக்குப் பொறுக்கவில்லை. கத்திவிட்டேன். "கூரை வடக்கு பார்த்துத்தான் நிக்கும். லேபிள்தான் பெரிசுன்னா ரோட்டுப் பக்கம் ஒரு பொய்ச் சுவர் எழுப்பி, அதை உங்க லேபிள் மாதிரி பல்லுபல்லா வெட்டி வெச்சுக்குங்க. பின்னாடி இருக்கறது எவனுக்குத் தெரியப் போகுது!"

சார் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

வேலாயுதம் டப்பாவைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். "கட்டிடலாமே! இத்த அன்னிக்கே சொல்றதுக்கின்னா?"

கிண்டல் என்று சொல்ல வாயெடுத்தேன். சார் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

27, புதன்

நேற்று குடியரசு தினம், லீவு. தூங்கினேன்.

இன்று முழுக்க அந்தச் சுவர். உள்ளே பல் வடக்குப் பார்த்து, வெளியே செங்கல் பல் தெற்குப் பார்த்து. ஒன்றை ஒன்று கடிக்கிற மாதிரி. பக்கவாட்டில் பார்க்கிறவன் கட்டியவனுக்குப் பைத்தியம் என்றே நினைப்பான். ஆனால் பொய்ச் சுவரில் கண்ணாடி கிடையாது. மேஜைகளுக்கு மேலே வடக்கு வெளிச்சம் மட்டும். வெயில் கோணத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு மேஜையிலும் விழவில்லை.

மணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "இப்பத்தான் சார் கட்டடத்துக்கு ஒரு மூஞ்சி வந்துகீது."

போடா என்றேன்.

சார் வந்தார். ப்ளான் மூலையில் என் பெயரை நானே எழுத வேண்டுமாம். "ஐடியா உன்னுதாச்சேப்பா. நல்லா பெரிசாப் போடு."

எழுதினேன். பொடி எழுத்தில்.