ஏரி வாயில் ஒரு குழி

அக்டோபர் 14

நேற்று இரவு இந்தப் பருவத்தின் முதல் பெருமழை. காலையில் என் வீட்டுக்காரர் இம்மானுவேல் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தலையில் ஒரு சொம்பு ஊற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீரில் டீசல் வாடை. எங்கள் காலனித் தொட்டிக்கு ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீர்தான் ஏறுகிறது.

கால்வாய் ஏரியில் விழும் ஏரி வாய்க்குப் போய்ப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து ரோட்டோரமாக வரும் கால்வாய் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. லாரி ஷெட்டுகளின் எண்ணெய், கறிக்கடைக் கழிவு, தொழிற்பேட்டை ரோட்டின் இரும்புத் தூசி. மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வந்து எங்கள் ஏரியில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறது. கரையெல்லாம் செத்த ஜிலேபி மீன்.

மூன்றாவது வார்டு மெம்பர் என்று என்னைச் சொல்கிறார்கள். என்ன மெம்பர்?

அக்டோபர் 17

மூன்று தடவை போன் செய்தபிறகு ஒன்றியத்திலிருந்து இன்ஜினியர் காயத்ரி வந்தார். இரண்டு நாளாக நல்ல வெயில். கால்வாய் வறண்டு கிடந்தது. ஏரி நடுவில் தெளிந்த தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

"மழ பெய்யறப்ப வந்து புடிங்க மேடம். அப்பதான் ஓடியாருது."

மழையில் வண்டி கிடைக்காதாம். எங்களுக்கு மட்டும் மழையில் வேறு தண்ணீரா கிடைக்கிறது?

அக்டோபர் 18

கிணற்றை மூடிவிட்டார்கள். அதற்குப் பதிலாக அனுப்புவதாகச் சொன்ன தண்ணீர் டேங்கர் வரவில்லை.

அக்டோபர் 24

சடையப்பனோடு சண்டை. ஏரியை ஒட்டி அவருக்குப் பெரிய கழனி. நேற்று யூரியா போட்டார். ராத்திரி மழையில் தண்ணீர் தேங்கியதும் வரப்பை வெட்டி ஏரிக்குள் விட்டுவிட்டார். உரமும் களைக்கொல்லியும் சேர்ந்தே போகிறது. ஏரியின் அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று பாசி.

கேட்டேன். "கம்பெனிக்காரன கேக்க துப்பில்ல. என் கழனிதான் உன் கண்ணுக்குத் தெரியுதா?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் இன்னும் எரிகிறது. அவர் லாரி ஷெட்டைக் காட்டுவார், லாரி ஷெட்டுக்காரன் கம்பெனியைக் காட்டுவான், கம்பெனிக்காரன் நாங்கள் குழாயில் எதையும் விடுவதில்லை என்பான். எல்லோரும் யோக்கியர்கள். தண்ணீர் மட்டும் தானாகவே நாறிப்போயிற்றா?

இம்மானுவேல் சாப்பிடும்போது ஒன்று சொன்னார். அவர் மில்லில் கம்பியைக் குளிரவைத்த தண்ணீரை அப்படியே விடமாட்டார்களாம். ஒரு தொட்டியில் நிறுத்துவார்கள். எண்ணெய் மேலே மிதக்கும், கசடு அடியில் தங்கும், நடுவிலிருக்கும் தண்ணீரைத்தான் வெளியே எடுப்பார்கள். ஏரி வாயில் அப்படி ஒரு குழி வெட்டினால் என்ன?

நவம்பர் 1

கிராம சபை. ரோட்டுக் கால்வாயை சிமென்ட் போட்டு ஏரிவரை நீட்டப் போகிறார்களாம். அதாவது சாக்கடை இன்னும் வேகமாக வந்து சேரும். கைதட்டுகிறார்கள்!

எழுந்தேன். முதலில் ஏரி வாயில் குழி, அதற்கு அடுத்து மிச்ச அழுக்கை வடிகட்ட கோரை நட்ட பள்ளம், இரண்டையும் தாண்டித்தான் தண்ணீர் ஏரிக்குள் போக வேண்டும் என்றேன். இடம் எங்கே என்று தலைவர் கேட்டார். வாயை ஒட்டிய புறம்போக்கு என்றேன். அதில் வருஷக்கணக்காக நெல் போடுவது சடையப்பன்.

அவர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "இவங்கம்மா என் கழனியில நாத்து நட்டவங்க. இன்னிக்கு இவ எனக்கு எடம் அளக்கறா."

தலைவர் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார். என் அம்மா நட்டு விளைந்ததைத்தானே நீங்கள் எல்லோரும் தின்றீர்கள்? அப்போது சொல்ல வரவில்லை. இப்போது எழுதி என்ன பயன்?

நவம்பர் 9

சடையப்பன் மனைவி கெங்கம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலனிக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. அவருடைய சினை எருமை ஏரியில் தண்ணீர் குடித்து விழுந்து, கன்று செத்துப் பிறந்திருக்கிறது. எண்ணெயா, உரமா, எது என்று மாட்டு டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லையாம்.

நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"நாளைக்கு குழி வெட்ட ஆளுங்கள இட்டுக்கினு வா ஏஞ்சலு. நான் அங்க நிக்கறேன்."

"அண்ணன் ஒத்துக்கினாராக்கா?"

"அவர நான் கேக்கல."

நவம்பர் 10

கெங்கம்மாள் எங்களுக்கு முன்பே வந்து, விளையாத நெல்லைத் தன் கையாலேயே அறுத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்து வீட்டுப் பூவம்மாளும் காலனிப் பெண்களும் மண்வெட்டியோடு இறங்கினோம். சடையப்பன் பைக்கில் வந்தார். மனைவியைப் பார்த்தார். பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

கையெல்லாம் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை.

நவம்பர் 23

குழி வெட்டி, பக்கத்துப் பள்ளத்தில் கோரை நட்டு முடித்திருந்தோம். இன்று நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். குழியில் எண்ணெய் தடித்த ஏடாக மிதந்தது, பிளாஸ்டிக், கோழி இறகு எல்லாம் ஒதுங்கிவிட்டது. நடுமட்டத்தில் பதித்த குழாய் வழியாகப் பள்ளத்துக்குப் போய் ஏரியில் இறங்கிய தண்ணீர் வெறும் செம்மண் கலங்கல். குடிக்க முடியாது, கிணறும் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. ஆனாலும் மேலே எண்ணெயின் வானவில் படலம் இல்லை.

நவம்பர் 26

குழி நிறைந்துவிட்டது. வாராவிட்டால் அடுத்த மழையில் எல்லாம் ஏரிக்குள் போய்விடும். தலைவர் போன் செய்தார். "காலனியில நாலு பேர அனுப்பு. வாரிப் போட்ருவாங்க."

எனக்கு வந்த கோபம்! பஜார் கழிவு, லாரி எண்ணெய், ஊரார் கழனி உரம். அதில் காலனியில் இருந்து வந்தது எது? அள்ள மட்டும் நாங்களா?

"வாரம் ஒரு தெரு வாரட்டும் தலைவரே. ஊர்த்தெரு மொதல்ல."

போனை வைத்துவிட்டார். நான் அதிகமாகப் பேசிவிட்டேன் என்கிறார் இம்மானுவேல்.

நவம்பர் 29

யாரும் வரவில்லை. நாற்றம். பூவம்மாள் கூடையை எடுத்துவிட்டாள். நான் பிடுங்கி வைத்தேன். நாளைக்கு மழை என்கிறார்கள். என் பிடிவாதத்துக்காக ஏரியை விட்டுவிடுவதா? இன்று இறங்கினால் ஆயுசுக்கும் இறங்க வேண்டும். என்னதான் செய்வது?

நவம்பர் 30

விடிந்ததும் போனேன் — நானே இறங்கிவிடலாமா என்ற எண்ணத்தோடுதான், யாரிடமும் சொல்லவில்லை.

குழிக்குள் முழங்கால்வரை சேற்றில் சடையப்பன் நின்றிருந்தார். கெங்கம்மாள் மேலே நின்று கூடை வாங்கிக்கொண்டிருந்தார். ஊர்த்தெருவில் இருந்து இன்னும் இரண்டு பேர் வேட்டியை மடித்துக்கொண்டு கரையில் தயங்கி நின்றார்கள்.

சடையப்பன் என்னைப் பார்க்கவில்லை. கையை உதறிக்கொண்டே, "பிசினாட்டம் ஒட்டுது. இதத்தான் எல்லாரும் குடிச்சிக்கினு இருந்தமா?" என்றார்.

சாக்கைப் பிரித்துப் பிடித்தேன். மத்தியானம் மழை பிடிப்பதற்குள் குழி காலியாகிவிட்டது.

சாக்குகள் கரையில் அடுக்கியபடி இருக்கின்றன. இதை எங்கே கொட்டுவது என்று ஒன்றியத்தில் யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை ஒரு சாக்கைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துக் கேட்கப் போகிறேன். சாக்கைத் தூக்க சடையப்பன் வருகிறார்.