வெளிறிய நண்டு

அன்புள்ள அம்மு,

தாணே கழிமுகச் சேற்றில் நீ கண்டுபிடித்த புது நண்டுக்கு "பாலிடா" என்று பெயர் வைத்துக் கட்டுரை வெளியிட்டுவிட்டேன். லத்தீனில் அதற்கு 'வெளிறியது' என்று பொருள்.

அன்று நீ போனில், "நெறம் போறதுக்குள்ள வந்து பாருங்கோ, குங்குமமாட்டம் செவப்பு" என்றாய். மீட்டிங் என்று சொல்லி நான் வரவில்லை. ஆறு மாதம் புட்டியில் ஸ்பிரிட்டில் ஊறி வெளுத்த நண்டைப் பார்த்துத்தான் பெயர் வைத்தேன்.

நேற்று முதன்முறையாக நானே சேற்றில் இறங்கினேன். வளையிலிருந்து ஒன்று உயிரோடு எட்டிப் பார்த்தது. நீ சொன்ன அதே சிவப்பு.

வெளியான பெயரை இனி மாற்ற முடியாது, விலங்கியல் விதி அப்படி. ஆனால் கண்டுபிடித்தவள் நீ என்று எழுதக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. நான்தான் என் பெயரை மட்டும் போட்டுக்கொண்டேன்.

நீ இல்லாத மாட்டுங்கா வீட்டிலிருந்து,
உன் கணவன்