கூரையில் தெரிந்த பிறை

சனிக்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு

திங்கட்கிழமை என் வீட்டுக்காரி ஜமீலாவுக்கு வயிற்றுக் கட்டியை எடுக்கிறார்கள். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அதற்குள் அறிவியல் மையத்தைப் பார்க்க வேண்டும் என்றாள், கூட்டிப்போனேன்.

கோளரங்கத்தில் விளக்கை அணைத்துக் கூரையில் பிறை காட்டினார்கள். நிசப் பிறையைக் கண்டதுபோல இவள் இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்விடம் துஆ கேட்க ஆரம்பித்துவிட்டாள். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

“ஏட்டி, இது வெறும் படம். கைய இறக்கு” என்று மணிக்கட்டைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

பஸ்ஸில் வந்து மேலப்பாளையத்தில் இறங்கும்போதுதான் பைய சொன்னாள்: “நம்ம பிள்ளையளுக்குக் கேட்டு முடிச்சிட்டேன். ஒங்களுக்குக் கேக்கதுக்குள்ள கையப் புடிச்சிட்டியளே.”

தனக்கென்று அவள் எப்போதுமே கடைசியில்தான் கேட்பாள். அதுவரை நான் விடவில்லை.